குவாட்ரச்சர் வி.சி.ஓ.: ஒரே சுற்று இரண்டு அதிர்வெண்களில் அலைவது ஏன்?

பெல்லந்தூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு சிறிய சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ரேடியோ அதிர்வெண் சுற்றுகளில் இது எனக்கு இரண்டாம் ஆண்டு. 180 நானோமீட்டர் சிமாஸில் 5.2 கிகாஹெர்ட்ஸ் ஏற்பி ஒன்றுக்காக, 90 பாகை கட்ட வேறுபாட்டுடன் ஐ, க்யூ என்னும் இரு அலைகளைத் தரும் குவாட்ரச்சர் வி.சி.ஓ.வை (மின்னழுத்தத்தால் அதிர்வெண்ணை மாற்றக்கூடிய அலையியற்றி) வடிவமைத்து வருகிறேன். எங்கள் குழுவில் இதை முன்னர் செய்தவர் யாரும் இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

சுற்று வழக்கமானதுதான். ஒரே மாதிரியான இரண்டு எல்சி அலையியற்றிகள், ஒவ்வொன்றிலும் மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்று, அதாவது டேங்க். ஒவ்வொன்றிலும் குறுக்காக இணைத்த என்மாஸ் இணை. அதற்குப் பக்கத்தில் இணையாக நிற்கும் பிணைப்பு டிரான்சிஸ்டர்கள். முதல் அலையியற்றியிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் இணைப்பு நேராகவும், இரண்டாவதிலிருந்து முதலாவதற்குத் திரும்பும் இணைப்பு குறுக்காகவும் உள்ளன. மின்தூண்டி 1 நானோஹென்றி, மொத்த மின்தேக்குத்திறன் சுமார் 940 ஃபெம்டோஃபாரட், டேங்கின் தரக்காரணி (இழப்பு குறையக் குறைய உயரும் எண்) ஏறத்தாழ 10. பிணைப்பு இணையின் மின்னோட்டம் முதன்மை இணையின் மின்னோட்டத்தில் 0.8 பங்கு.

முதல் சிக்கல் அதிர்வெண்ணில் இருக்கிறது. டேங்கை 5.2 கிகாஹெர்ட்ஸுக்கு வைத்திருக்கிறேன். ஆனால் டிரான்சியன்ட் சிமுலேஷனில் (நேரப்போக்கில் சுற்றை ஓட்டிப் பார்ப்பது) அந்த எண் ஒருமுறைகூட வரவில்லை. தொடக்க நிலையை மாற்றி மாற்றி ஓட்டினால் பெரும்பாலான ஓட்டங்களில் 5.41 கிகாஹெர்ட்ஸும், சிலவற்றில் 4.99 கிகாஹெர்ட்ஸும் வருகின்றன. முதல் வகையில் ஐ முந்தினால் இரண்டாம் வகையில் க்யூ முந்துகிறது. அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றும் மின்தேக்கி வங்கியின் சுவிட்சுகள் அனைத்தையும் இயக்கி, அலைவரிசையின் கீழ்முனைக்குச் சென்றால், ஏறக்குறைய பாதி ஓட்டங்கள் கீழ் அதிர்வெண்ணில் போய் விழுகின்றன. நிலைத்த அலைவை நேரடியாகக் கணக்கிடும் ஹார்மோனிக் பேலன்ஸ் பகுப்பாய்வு மட்டும் ஒவ்வொரு முறையும் 5.41 என்றே சொல்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் குழுத் தலைவரின் கருத்து; எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, கட்ட இரைச்சல், அதாவது அலையின் கட்டத்தில் ஏற்படும் தற்செயல் நடுக்கம். ஓர் அலையியற்றியைத் தனியாக ஓட்டினால் 1 மெகாஹெர்ட்ஸ் விலகலில் ஊர்தி அலையை விட 119 டெசிபெல் கீழே இருக்கிறது. இரண்டையும் பிணைத்தவுடன் அது 115 ஆகிவிடுகிறது. 100 கிலோஹெர்ட்ஸ் விலகலில் இழப்பு இன்னும் அதிகம்.

மூன்றாவது, லேஅவுட்டிலிருந்து, அதாவது சிப்பில் கம்பிகள் ஓடும் வரைபடத்திலிருந்து, பிரித்தெடுத்த நெட்லிஸ்ட்டை (சுற்றின் இணைப்புப் பட்டியல்) ஓட்டியபோது, திட்டப்படத்தில் 0.1 பாகையாக இருந்த கட்டப் பிழை 3.5 பாகையாக உயர்ந்துவிட்டது. பிணைப்பு விகிதத்தைக் குறைத்தால் இரைச்சல் சீராகிறது, ஆனால் பிழை வேகமாகப் பெருகுகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒன்று கெடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய_அலைவரிசை எழுதியது:

நீங்கள் தனித்தனியாகக் கேட்ட மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ஒவ்வொரு டேங்கிலும் இரண்டு மின்னோட்டங்கள் நுழைகின்றன. முதன்மை இணை தரும் மின்னோட்டம் அந்த டேங்கின் மின்னழுத்தத்தோடு ஒரே கட்டத்தில் இருக்கும். மற்ற அலையியற்றியிலிருந்து பிணைப்பு இணை கொண்டுவரும் மின்னோட்டமோ அதற்கு 90 பாகை விலகி நிற்கும். இரண்டின் வெக்டர் கூடுதல் மின்னழுத்தத்திலிருந்து ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புதான் உங்கள் பிணைப்பு விகிதம், 0.8. இந்தச் சாய்வை ஈடுகட்ட டேங்கிற்கு ஒரே வழிதான் உண்டு: ஒத்ததிர்விலிருந்து விலகி, தன் மின்மறுப்பின் கட்டத்தை அதே அளவுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவ்வாறு விலகும் பின்னம், பிணைப்பு விகிதத்தைத் தரக்காரணியின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 0.8ஐ 20ஆல் வகுத்தால் 0.04. 5.2 கிகாஹெர்ட்ஸில் 4 சதவீதம் என்பது 208 மெகாஹெர்ட்ஸ். மேலே கூட்டினால் 5.41, கீழே கழித்தால் 4.99. உங்கள் சிமுலேட்டர் பொய் சொல்லவில்லை. இந்தச் சுற்றுக்கு இரண்டு விடைகளும் உண்மையாகவே உண்டு. 5.2இல் அலைவது மட்டுமே இதற்கு இயலாத காரியம்.

இரண்டில் எது வெல்லும் என்பதைச் சமச்சீரற்ற சிறு விளைவுகள் தீர்மானிக்கின்றன. மின்தூண்டியின் இழப்பு அதன் கம்பியில் தொடர்தடையாக இருப்பதால், அதற்கு நிகரான இணைத்தடை அதிர்வெண் உயர உயரக் கூடும். ஆகவே மேல் நிலைக்குச் சற்றுக் கூடுதல் ஆதாயம் கிடைக்கும். பிணைப்பு டிரான்சிஸ்டரின் கேட்டில் ஏற்படும் சிறு தாமதமும் மேல் நிலைக்கே துணைபோகும். மாறாக, மின்தேக்கியோடு தொடராக நிற்கும் தடை கீழ் நிலைக்குச் சாதகமானது. வங்கியின் சுவிட்சுகள் அனைத்தையும் இயக்கும்போது அவற்றின் தடைகள் எல்லாம் மின்தேக்கிகளோடு தொடரில் வந்து சேர்ந்து, மேல் நிலைக்கு இருந்த சலுகையைக் கரைத்துவிடுகின்றன. கீழ்முனையில் பாதிக்குப் பாதி ஆவதன் காரணம் இதுவே.

ஹார்மோனிக் பேலன்ஸ் ஒரு நிலையான தீர்வைக் கண்டுபிடித்துக் காட்டும். மின்சாரம் வந்தவுடன் சிலிக்கான் அந்தத் தீர்வில்தான் போய்ச் சேரும் என்று அது உறுதி தருவதில்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலை மாறினால் ஐ, க்யூ வரிசை தலைகீழாகும். ஏற்பி நீங்கள் விரும்பும் பக்கப்பட்டையை (ஊர்தி அலையின் ஒரு பக்கத்து அலைவரிசை) விட்டுவிட்டு, மறுபக்கத்து வேண்டாத அலைவரிசையான இமேஜைப் பிடித்துத் தரும். அதைவிட மோசம், இதைப் பி.எல்.எல். (அதிர்வெண்ணைப் பூட்டிவைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) கண்டுகொள்ளாது. உங்கள் டியூனிங் வீச்சு இரண்டு நிலைகளையும் தழுவும் அளவுக்கு அகலமாக இருந்தால், எந்த நிலையிலிருந்தாலும் அது சரியான அதிர்வெண்ணில் பூட்டிக்கொண்டு, எல்லாம் நலம் என்று சொல்லிவிடும்.

இனி இரைச்சல். விலகி நிற்கும் இடத்தில் டேங்கின் கட்டச் சரிவு தணிந்திருக்கும். பிணைப்பு விகிதத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 1.64 மடங்கு சரிவு குறைகிறது. ஏறத்தாழ 4 டெசிபெல் அங்கேயே போய்விடுகிறது. நியாயமாகப் பார்த்தால் இரண்டு அலையியற்றிகள் சேரும்போது 3 டெசிபெல் ஆதாயம் வந்திருக்க வேண்டும். ஆக உங்கள் மெய்யான இழப்பு 7 டெசிபெல். மீதம் பிணைப்பு டிரான்சிஸ்டர்களின் சொந்த இரைச்சல். இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள்: கூட்டு மின்னோட்டம் பெருகும் அதே விகிதத்தில் டேங்கின் மின்மறுப்பு குறைவதால், பிணைப்பு இணை குடிக்கும் மின்னோட்டம் அலையின் வீச்சை ஒரு மில்லிவோல்ட்கூட உயர்த்துவதில்லை. செலவு மட்டும் மிச்சம்.

100 கிலோஹெர்ட்ஸில் அதிகம் கெடுவதற்குக் காரணம் தனி. அதிர்வெண் பிணைப்பு விகிதத்தைச் சார்ந்திருக்கிறது அல்லவா? அந்த விகிதம் 0.0001 அளவு அசைந்தாலே அதிர்வெண் 26 கிலோஹெர்ட்ஸ் நகரும். முதன்மை இணைக்கும் பிணைப்பு இணைக்கும் தனித்தனி வால் மின்னோட்ட மூலங்களை (இணையின் அடியில் நின்று அதன் மொத்த மின்னோட்டத்தை நிர்ணயிப்பவை) வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் அவற்றின் ஃபிளிக்கர் இரைச்சல் (தாழ் அதிர்வெண்ணில் ஓங்கும் இரைச்சல்) விகிதத்தை நேரடியாக ஆட்டுகிறது. இரண்டு இணைகளையும் ஒரே வாலில் தொங்கவிட்டு, விகிதத்தை டிரான்சிஸ்டர் அகலங்களைக் கொண்டு நிர்ணயித்துப் பாருங்கள்.

இரட்டை நிலைக்கு நான் பரிந்துரைப்பது, பிணைப்புப் பாதையில் வேண்டுமென்றே ஒரு கட்டத் தாமதத்தைச் சேர்ப்பது. பிணைப்பு டிரான்சிஸ்டரின் கேட் மின்தேக்குத்திறன் 40 ஃபெம்டோஃபாரட் என்றால், அதற்கு முன் 440 ஓம் தடையை வைத்தால் சுமார் 30 பாகை தாமதம் கிடைக்கும். அப்போது பிணைப்பு மின்னோட்டத்தின் ஒரு கூறு, மேல் நிலையில் முதன்மை மின்னோட்டத்தோடு கூடும். கீழ் நிலையில் அதிலிருந்து கழியும். உங்கள் எண்களில் இரு நிலைகளின் வீச்சும் 1.4க்கு 0.6 என்று பிரிந்துவிடும். போட்டி அத்தோடு முடிந்தது. அதிர்வெண்ணும் 5.41இலிருந்து 5.33க்கு இறங்கி, ஒத்ததிர்வை நெருங்கும். தாமதம் முழு 90 பாகையாகவே இருந்தால் டேங்க் சரியாக ஒத்ததிர்வில் அமரும். ஆனால் அதற்குரிய சுற்று கூடுதல் இரைச்சலைக் கொண்டுவரும் என்பதால், 30 முதல் 45 பாகை வரை போதும் என்பது என் எண்ணம்.

உலோகம்ஆறு எழுதியது:

நான் லேஅவுட் செய்பவன். ஆகவே மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தாமதம் இல்லாத சுற்றில், இரண்டு டேங்குகளின் ஒத்ததிர்வு அதிர்வெண்கள் எந்தப் பின்னத்தில் வேறுபடுகின்றனவோ, அதைத் தரக்காரணியால் பெருக்கி, பிணைப்பு விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கட்டப் பிழை ரேடியனில் கிடைக்கும். வர்க்கம் என்பதால்தான் விகிதத்தைப் பாதியாக்கினால் பிழை நான்கு மடங்காகிறது. நீங்கள் வேகமாகப் பெருகுகிறது என்று எழுதியது அதுதான். உங்கள் 3.5 பாகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் அதிர்வெண் வேறுபாடு 0.39 சதவீதம். அதை மின்தேக்குத்திறனாக மாற்றினால் 0.78 சதவீதம், அதாவது 7 ஃபெம்டோஃபாரட் சொச்சம். நாற்பது, ஐம்பது மைக்ரான் நீளமுள்ள ஒரு கம்பி போதும் இதற்கு.

அந்தக் கம்பி எது என்பதை உங்கள் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பிணைப்பு நேராகச் செல்கிறது, மற்றது குறுக்கே செல்கிறது. குறுக்கே செல்லும் இணையில் ஒரு கம்பி கீழ் உலோக அடுக்குக்கு இறங்கி, மற்றதன் அடியில் நுழைந்து, மீண்டும் மேலேறுகிறது. நேரான இணையில் இறங்குவதும் இல்லை, நுழைவதும் இல்லை. திட்டப்படத்தில் இது வெறும் இரண்டு கோடுகள்; லேஅவுட்டில் சமச்சீரை உடைப்பது இதுவே. நேரான பாதையிலும் பயன்படாத ஒரு குறுக்கை வையுங்கள்: கம்பிகள் ஒருமுறை குறுக்கிட்டுப் பின் மறுபடி குறுக்கிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பட்டும், மற்றப் பாதையில் ஒரு மெய்க் குறுக்கும், கம்பிகளின் முனையை மாற்றாத ஒரு போலிக் குறுக்கும் இருக்கட்டும். நான்கு முனைகளும் ஒரே அளவு உலோகத்தையும் ஒரே எண்ணிக்கையிலான வயாக்களையும் (உலோக அடுக்குகளை இணைக்கும் துளைகள்) காண வேண்டும். நான்கு வெளியீடுகளிலும் ஒரே மாதிரியான பஃபர்களும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பி.எல்.எல்.லின் வகுப்பானுக்கு எடுத்துச் சென்றிருந்தால், மற்ற மூன்றிலும் போலிச் சுமையைத் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று: தடை, மின்தேக்குத்திறன் ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுத்திருந்தால் நீங்கள் இன்னும் முழுப் பிழையைப் பார்க்கவில்லை. இரண்டு மின்தூண்டிகளும் காந்தப்புலத்தின் வழியாக ஒன்றையொன்று தொடுகின்றன. பிணைப்புக் கெழு வெறும் அரை சதவீதமாக இருந்தாலே, தரக்காரணி 10இல், ஒரு டேங்கின் வீச்சு கூடி மற்றதன் வீச்சு குறையும். கட்டமும் மூன்றரை பாகையளவு நகரும். இரண்டு மின்தூண்டிகளையும் ஒரே மின்காந்த சிமுலேஷனில், சுற்றியுள்ள காப்பு வளையத்தோடு சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டி இரண்டு மாதிரிகளை ஒட்டவைப்பது எங்கும் நடக்கும் தவறு. நானும் செய்திருக்கிறேன், சிப் திரும்பி வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

பாதியாக்கி எழுதியது:

மேலே உள்ளவை எல்லாம் சரிதான். ஆயினும் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன்: 5.2 கிகாஹெர்ட்ஸில் குவாட்ரச்சர் வி.சி.ஓ. எதற்கு? 10.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு வி.சி.ஓ., அதன் பின்னால் அதிர்வெண்ணை இரண்டால் வகுக்கும் ஒரு லாட்ச் இணை என்று வைத்தால், ஐயும் க்யூவும் தாமாகக் கிடைக்கும். இரட்டை நிலை என்ற பேச்சே எழாது. இரண்டு மின்தூண்டிகளுக்குப் பதிலாக ஒன்று, அதுவும் சிறியது. வகுத்தவுடன் கட்ட இரைச்சல் 6 டெசிபெல் குறைவதால், உயர் அதிர்வெண்ணில் அலைவதற்குக் கொடுத்த விலை திரும்பி வந்துவிடும். அனுப்பியும் அதே சிப்பில் இருந்தால், பவர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு வி.சி.ஓ.வைத் தன் பக்கம் இழுக்கும் தொல்லையும் குறையும். நீங்கள் எடுத்திருக்கும் இந்தப் பிணைப்புச் சுற்று 1996இல் 900 மெகாஹெர்ட்ஸில் முதலில் வெளிவந்தபோது இருந்த டிரான்சிஸ்டர்களின் வேகம் வேறு. இன்று 65 நானோமீட்டரிலோ 28 நானோமீட்டரிலோ 5 கிகாஹெர்ட்ஸுக்கு இதை யாராவது தேர்ந்தெடுத்தால், நான் காரணம் கேட்பேன்.

பழைய_அலைவரிசை எழுதியது:

காரணம் அவர் முதல் பத்தியிலேயே இருக்கிறது: 180 நானோமீட்டர். அங்கே 10.4 கிகாஹெர்ட்ஸில் வகுப்பான் இயலாது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் எல்லா வெப்பநிலைகளிலும் எல்லா மூலைகளிலும் (உற்பத்தி வேறுபாட்டின் எல்லைகள்) அதை ஓடவைக்க வேண்டுமென்றால், வி.சி.ஓ.வுக்குக் கொடுக்கும் மின்திறனை வகுப்பானுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். வகுப்பான் தரும் 90 பாகையும் இலவசம் அன்று. உள்ளே வரும் கடிகார அலையின் இரு பாதிகளும் சமமாக இல்லாவிட்டால் அந்தப் பிழை அப்படியே கட்டப் பிழையாக வெளியேறும். நவீன செயல்முறைகளில் நீங்கள் சொல்வது செல்லும். அங்கும்கூட, இந்தியாவின் 2022 அலைக்கற்றை ஏலத்தில் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளுக்குப் போனால் 52 கிகாஹெர்ட்ஸில் அலையியற்றி வேண்டுமே என்று பழைய சுற்றை மறுபடி தூசி தட்டி எடுக்கிறார்கள். அந்த அதிர்வெண்களில் இழப்பு பெரும்பாலும் வேரக்டரில் (மின்னழுத்தத்தால் மாறும் மின்தேக்கி) இருப்பதால், கீழ் நிலை வெல்லும் வாய்ப்பும் அதிகம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

உங்களிடம் 1.8 வோல்ட் இருப்பதால், பிணைப்பு டிரான்சிஸ்டரை இணையாக வைக்காமல் முதன்மை டிரான்சிஸ்டரோடு தொடராக அடுக்கும் முறையையும் பார்க்கலாம். ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரியானியும் அவருடைய குழுவினரும் 2002இல் 1.8 கிகாஹெர்ட்ஸில் காட்டியது. இரைச்சல் கணிசமாகக் குறைகிறது. ஒரு வோல்ட்டுக்குக் கீழே அதற்கு இடம் போதாது என்பதே அதன் குறை.

பெல்லந்தூர்வாசி எழுதியது:

பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டர் உரிமங்கள் பகலில் கிடைப்பதில்லை; எல்லாவற்றையும் இரவில்தான் ஓட்ட முடிந்தது. ஐயா கொடுத்த 0.04 கணக்கை, அலுவலகம் செல்லும் வழியில் சில்க் போர்டு சந்திப்பில் பேருந்து நகராமல் நின்ற நேரத்தில் கைப்பேசியிலேயே போட்டுப் பார்த்தேன். இரண்டு அதிர்வெண்களும் அப்படியே வந்து விழுந்தபோது, இரண்டு வாரங்கள் வீணாகிவிட்டனவே என்று வருத்தமும், பிழை என்னுடையது இல்லை என்று ஆறுதலும் சேர்ந்தே வந்தன.

440 ஓம் தடையைச் சேர்த்தபின் எல்லா மூலைகளிலும், எல்லா வங்கிக் குறியீடுகளிலும், மின்வழங்கலை வெவ்வேறு வேகங்களில் ஏற்றி இருநூறு ஓட்டங்கள் பார்த்தேன். கீழ் நிலை ஒருமுறையும் வரவில்லை. ஒற்றை வாலுக்கு மாறியதில் 100 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபெல் மீண்டது. போலிக் குறுக்குகளை வைத்ததும் 3.5 பாகை 0.6 ஆனது. ஆனால் இரண்டு மின்தூண்டிகளையும் சேர்த்து மின்காந்த சிமுலேஷன் செய்தபோது அது 2.1 பாகையாக மறுபடி ஏறிவிட்டது. இடைவெளியை அகட்ட இடமில்லை. இரு பாதிகளின் காந்தப்புலமும் ஒன்றையொன்று நீக்கும் எட்டு வடிவச் சுருளுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன்.

ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. தாமதத்தைச் சேர்த்த பிறகு, டேங்க் வேறுபாட்டால் வரும் பிழை சற்றுக் கூடியதுபோல் தெரிகிறது. அது சரியா? மேலும், ஒரு பாகையளவுள்ள பிழையைச் சிப் வந்தபின் எப்படி அளப்பது?

பழைய_அலைவரிசை எழுதியது:

கூடியது சரியே. விகிதம் 0.8இல் 30 பாகை தாமதம் பிழையை ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக்கும். தாமதத்தின் பயன் சிறிய விகிதங்களில்தான் தெரியும், 0.3இல் அதே தாமதம் பிழையைப் பாதியாக்கும். ஆகவே இப்போது விகிதத்தை 0.5க்கு இறக்கிப் பாருங்கள். பிழை 0.8இல் இருப்பதைவிடக் கூடத்தான் செய்யும். ஆயினும் தாமதம் இல்லாத நிலையில் கூடியிருக்கும் அளவுக்குக் கூடாது, இரைச்சலிலும் மின்னோட்டத்திலும் மிச்சம் கிடைக்கும். எட்டு வடிவச் சுருளின் தரக்காரணி கொஞ்சம் குறையும்; காந்தப் பிணைப்பு பெருமளவு அற்றுப்போவதால் அந்த விலையைக் கொடுக்கலாம்.

அளவீட்டுக்கு, நான்கு அலைகளையும் சிப்பின் வெளி இணைப்பு முனைகளான பேடுகளுக்குக் கொண்டுவந்து அலைக்காட்டியில் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 5.2 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாகை என்பது சாதாரணக் கோஆக்சியல் கேபிளில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளம். கேபிளின் பிழையைத்தான் அளப்பீர்கள். சிப்பிலேயே ஒற்றைப் பக்கப்பட்டைக் கலப்பி ஒன்றை வைத்து, வெளியிலிருந்து சில மெகாஹெர்ட்ஸில் ஐ, க்யூ அலைகளைக் கொடுத்து, வெளியீட்டில் வேண்டிய பக்கப்பட்டைக்கும் வேண்டாததற்கும் உள்ள வேறுபாட்டை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் படியுங்கள். வீச்சுகள் சமமாக இருந்து கட்டப் பிழை ஒரு பாகை என்றால் வேறுபாடு 41 டெசிபெல், 3.5 பாகை என்றால் 30. கீழ் அதிர்வெண்ணில் கொடுக்கும் அலைகளின் கட்டத்தை நீங்களே சிறிது சிறிதாகத் திருப்பி, வேண்டாத பக்கப்பட்டை மிகவும் தாழும் கோணத்தைக் கண்டால், பிழையின் குறியும் அளவும் சேர்ந்தே தெரியும். எந்தப் பக்கப்பட்டை பெரிதாக வருகிறது என்பதிலிருந்து சிலிக்கான் எந்த நிலையில் அலைகிறது என்பதும் தெரிந்துவிடும்; மின்சாரத்தை நூறு முறை அணைத்துப் போட்டு அதை முதலில் பாருங்கள்.

உலோகம்ஆறு எழுதியது:

அந்தக் கலப்பிக்குச் செல்லும் நான்கு கம்பிகளிலும் அதே போலிக் குறுக்கு விதி பொருந்தும். பேடுகள் போதாவிட்டால், ஐ, க்யூ உள்ளீடுகளைத் தொடர்வரிசை இடைமுகத்தின் பேடுகளோடு பகிர்ந்துகொள்ளலாம். அளவீட்டின்போது பதிவேடுகளில் யாரும் எழுதப் போவதில்லை.

பெல்லந்தூர்வாசி எழுதியது:

பேடு பகிர்வுக்கு இடம் இருக்கிறது, தரைப்படத்தைப் பார்த்துவிட்டேன். விகிதம் 0.5, எட்டு வடிவச் சுருள், ஒற்றை வால் மூன்றையும் சேர்த்து இன்றிரவு ஓட்டத்தில் விடுகிறேன். டேப்அவுட்டுக்கு (வடிவமைப்பை உற்பத்திக்கு அனுப்பும் நாள்) இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன.